தொப்பி என்ன நிறம்?

நான் ஒரு வீடியோ கேமை இரண்டு வருடம் ஆடியிருக்கிறேன். அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அதைப் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர்கள் என் முகத்தை ஒரு மாதிரி பார்ப்பார்கள். விஷயம் சாதாரணமானது. நான் டிவிக்குப் பின்னால் நின்றேன்.

தோல் வியாபாரமாக ஜப்பான் வரை போய்வந்த மாமா ஒருவர் எங்களுக்கு இருந்தார். அவர் கொண்டுவந்து போட்டது ஒரு பெட்டி, ஒரு கேசட். எங்கள் வீட்டு டிவியில் அதைச் செருகினால் படம் நிற்காது. மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும். ஜப்பான் பெட்டி பேசுகிற பாஷை வேறு, நம்மூர் டிவிக்குத் தெரிந்த பாஷை வேறு என்பதெல்லாம் அன்று யாருக்குத் தெரியும்? டிவியின் முதுகில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைப் பிடித்து ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே இருந்தால் படம் நிற்கும். கையை எடுத்தால் ஓடும். அண்ணனுக்கு என்னைவிட ஆறு வயது கூட. ஆகவே அவன் முன்னால் உட்கார்ந்தான், நான் பின்னால் நின்றேன்.

"ஏலே, தாவிட்டான்டா! கீழ நெருப்பு எரியுது, ஒரே தாவு, அந்தப் பக்கம் போயிட்டான்!" என்று அண்ணன் கத்துவான். நான் டிவியின் முதுகைப் பார்த்துக்கொண்டு கை தட்டுவேன். கை தட்டினால் திருகு நழுவும். திருகு நழுவினால் படம் ஓடும். படம் ஓடினால் செருப்பு பறந்து வரும்.

இன்னொன்றும் இருந்தது. அந்த விளையாட்டு மட்டும் கறுப்பு வெள்ளையில் தெரிந்தது. அதே டிவியில் செய்தி கலரில் வரும், விளம்பரம் கலரில் வரும். இது மட்டும் சாம்பல். கேசட்டின் மேலே ஒட்டியிருந்த படமோ நல்ல கலர். "சினிமா போஸ்டர் கலரா இருக்கும், படம் கறுப்பு வெள்ளையா இருக்கும்ல, அந்த மாதிரிதான்" என்று அண்ணன் விளக்கம் சொன்னான். அண்ணன் சொன்னால் எனக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது. கேசட்டைத் தொட எனக்கு அனுமதியும் கிடையாது.

கதை என்னவென்றால், எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷையில் வந்ததால், அண்ணன் சொன்னதுதான் கதை. தொப்பி போட்ட ஒருத்தன் தோளில் மூட்டையோடு வியாபாரத்துக்குப் போன இடத்தில் ஓர் அரண்மனைக்குள் மாட்டிக்கொண்டான். அவன் வீட்டுக்குப் போக வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஐந்து அறைகள். ஒவ்வோர் அறையிலும் மூன்று கதவுகள், நடுவில் ஒரு கிழவர். கிழவர் ஏதோ சொல்வார். ஒரு கதவைத் தேர்ந்தெடுத்துப் போக வேண்டும். தப்பான கதவென்றால் பொத்தென்று அரண்மனையின் அடிவாரத்துக்கு விழுவான். மூன்று கதவும் ஒரே சாம்பல். ஒவ்வொரு தடவையும் கதவுகள் இடம் மாறும். அண்ணன் மாதக்கணக்கில் விழுந்தான். ஒரு நாள் நாலு அறை தாண்டிவிட்டான். "ஒண்ணுதான்டா பாக்கி, ஒண்ணே ஒண்ணு!" என்றான். நான் திருகோடு சேர்ந்து நடுங்கினேன். ஐந்தாவதில் விழுந்தான்.

மறுநாள் அவன் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரத்தில், வந்ததும் ஆடட்டும் என்று நான் எல்லாவற்றையும் தயாராக எடுத்து வைத்தேன். ஜப்பான் பெட்டிக்கு நம்மூர் கரண்ட்டில் பாதிதான் தாங்கும். அதைக் குறைத்துக் கொடுக்க நடுவில் கனமான இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. அதை என்னால் தூக்க முடியவில்லை. அதனால் அது இல்லாமலே நேராகச் சுவர் பிளக்கில் செருகினேன். டப் என்று ஒரு சத்தம். எங்கள் தோல் மண்டியில் ஈரத் தோலைத் தீயில் வாட்டியது போல ஒரு நாற்றம். என் பொறியியல் வாழ்க்கை அன்றுதான் தொடங்கியது.

மண்டியிலிருந்து அத்தா வந்து யார் செருகியது என்று கேட்டார். அண்ணன் தான்தான் என்றான். தோல் வியாபாரி வீட்டில் பெல்ட்டுக்குப் பஞ்சமில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று, வழக்கம்போல, எதையும் பார்க்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

இப்போது அண்ணன் அதே மண்டியை நடத்துகிறான். நான் திண்டுக்கல்லில் உள்ள கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதித் தருகிறேன். பூட்டுக் கடை, பிரியாணிக் கடை, உரக் கடை. மிச்ச நேரத்தில், வெளிநாட்டில் முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து சும்மாவே உருவாக்குகிற எமுலேட்டர் ஒன்றுக்கு நானும் கை கொடுக்கிறேன். கை என்றால் விரல். விரல் என்றால் சுண்டுவிரல். அதில் என் பங்கு மொத்தம் மூன்று வரி; அதில் ஒன்று காலி வரி.

எமுலேட்டர் என்றால் நடிப்பு. இன்றைய போனோ கம்ப்யூட்டரோ, தான்தான் அந்தப் பழைய பெட்டி என்று கேசட்டிடம் நடிக்கும். கேசட் அதை நம்பி, இங்கே ஒரு கதவு வரை, இந்த நிறம் பூசு என்று உத்தரவு போடும். அந்த உத்தரவை வாங்கி, இந்த போனில் இருக்கிற படம் வரையும் சில்லுக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் பேக்கெண்ட். பிரியாணிக் கடையில் மேசைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஓடுகிறவர் மாதிரி. சாப்பிட வந்தவர் கேட்பது ஒன்றுதான், ஆனால் ஒவ்வோர் அடுப்படிக்கும் ஒரு பாஷை. ஓப்பன்ஜிஎல் என்று ஒருவர் இருக்கிறார். வயசாளி. எல்லா அடுப்படியிலும் பழக்கம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்வார். வல்கன் என்று இன்னொருவர். இளவட்டம், வேகம். ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னாலும் தட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இரண்டு பேரும் வேண்டாம் என்றால் ப்ராசஸரே புள்ளி புள்ளியாக வரையும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையே பந்தி பரிமாறுகிற மாதிரி. நடக்கும், ஆனால் பந்தி முடியாது.

அண்ணன் மண்டியில் இரண்டு தடவை படி தவறி விழுந்தான். நின்றுகொண்டிருந்த மாட்டு வண்டியில் பைக்கை விட்டான். மாடு ஒன்றும் சொல்லவில்லை, மதினி சொன்னார். மதுரையில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம், நரம்பு போய்க்கொண்டிருக்கிறது என்றார் அவர். போன பார்வை போனதுதான், இருப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கத்தான் சொட்டு மருந்து என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு அவர் அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கொடைரோடு தாண்டியதும் கையைக் குழல் மாதிரி சுருட்டிக் கண்ணில் வைத்தான்.

"இம்புட்டுத்தான்டா தெரியுது. சிறுமலைய ஒரே தடவையில பாக்க முடியல. துண்டு துண்டாத்தான் வருது."

நானும் கையை அதே மாதிரி சுருட்டிக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். இந்த மாதிரி நேரத்தில் நான் ஜோக்கடிப்பேன். அன்று ஜோக் வரவில்லை.

"ஏலே," என்றான் அவனே. "அந்தத் தொப்பிக்காரன் கடைசில வீட்டுக்குப் போனானாடா?"

"தெரியலண்ணே."

"நீ என்னமோ பழைய கேம ஓட வைக்கிற வேலை பாக்குறேன்னு சொல்லுவியே. கண்ணு இருக்கையிலயே அத ஒரு தடவ பாத்துப்புடணும்டா. அம்புட்டுத்தான்."

உலகத்தில் ஒருவன் என்னிடம் நான் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஒரு வாரத்துல முடிக்கிறேன்" என்றேன். ஒரு வாரம் என்று சொன்ன எந்த வேலையையும் நான் ஒரு வாரத்தில் முடித்ததில்லை என்பதற்கு இந்த ஊரின் பிரியாணிக் கடைகள் சாட்சி.

கேசட்டை அண்ணன் மண்டி மேசையின் டிராயரில் வைத்திருந்தான். மேலே ஒட்டியிருந்த படம் கைபட்டுக் கைபட்டு வெள்ளைக் காகிதமாகிவிட்டது. அதிலிருந்த விளையாட்டை ஒரு கருவி வைத்துப் படித்து என் லேப்டாப்பில் ஏற்றினேன். ஓடியது. ஆனால் முதல் காட்சியில் சூரியன் பாதித் திரைக்கு எழுந்து நின்றது, நீலமாக. நிறத்தைச் சொல்லும்போது சில சில்லுகள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் கேட்கும். சில நீலம், பச்சை, சிவப்பு என்று கேட்கும். என் லேப்டாப்பில் அந்த வரிசை புரண்டிருந்தது. நான் ஒரு வரியில் சிவப்பையும் நீலத்தையும் மாற்றிப் போட்டேன். சூரியன் சிவந்தது. அந்த வரியை முகம் தெரியாத ஆட்களுக்கு அனுப்பினேன். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். என் நான்காவது வரி! மண்டியில் அண்ணன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, பேகம்பூரில் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, லேப்டாப்பைப் பெரிய டிவியில் இணைத்துக் காட்டினேன். அண்ணன் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான்.

"இது நம்ம கேம் இல்லடா."

"அதேதான்ணே."

"நம்ம கேம்ல கலர் ஏதுடா?"

நம் டிவிக்கு அந்த ஜப்பான் கலர் புரியாமல்தான் சாம்பலாகக் காட்டியது என்று நான் ஒரு மணி நேரம் விளக்கினேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப அந்த மூணு கதவும்?"

லேப்டாப்பை மடியில் எடுத்து வைத்தேன். சாகாத வரம் கொடுக்கிற குறுக்கு வழி ஒன்றைப் போட்டு, இரண்டு மணி நேரத்தில் அரண்மனையின் முதல் அறைக்குப் போய் நின்றேன். ஒரு கதவு சிவப்பு. ஒன்று நீலம். ஒன்று பச்சை. கிழவர் பேசிய எழுத்தை என் போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னால், "சிவப்பு வாசலில் போ" என்று வந்தது.

அண்ணன் சிரித்த சிரிப்பில் மதினி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். "அல்லாவே! வாயத் தொறந்து சொல்லியிருக்கான்டா அந்தக் கெழவன்! நாம செவிட்டு மாடாட்டம் நின்னுருக்கோம்!"

சிக்கல் என்னவென்றால், பெரிய டிவி அவனுக்கு ஆகவில்லை. "உன் டிவியில எனக்குத் தொப்பிக்காரன் காலு மட்டுந்தான்டா தெரியுது. சின்னதா காட்டு" என்றான். குழல் வழியாகப் பார்க்கிறவனுக்குப் பெரிய படம் எதற்கு? நியாயந்தான். அவனுடைய போனில் எமுலேட்டரை ஏற்றினேன். அரண்மனை வாசல் வரை நான் போயிருந்ததை அப்படியே அதில் மாற்றி வைத்தேன். கை நீட்டும் தூரத்தில் போனை நிறுத்தி, ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தேன். அவன் கட்டைவிரல்கள் எதையும் மறக்கவில்லை. முட்கள், சங்கிலி, நெருப்புக் கிணறு, எல்லாம் தாண்டி கிழவர் முன்னால் போய் நின்றான்.

"என்ன சொல்றான்?"

"செகப்புண்ணே. இடது ஓரம்."

இடது ஓரத்தில் போனான். விழுந்தான்.

மறுபடி ஏறினான். இந்தத் தடவை நீலம் என்று வந்தது. நடுவில் போகச் சொன்னேன். விழுந்தான். பச்சை வந்தபோது மட்டும் தப்பித்தான். இப்படி ஆறு வெள்ளிக்கிழமை. மொழிபெயர்ப்புதான் தப்போ என்று வேறு வேறு விதமாகப் பார்த்தேன். எல்லாம் சிவப்பைச் சிவப்பென்றே சொன்னது. முகம் தெரியாத ஆட்களிடம் கேட்டேன். ஒருவர் பதில் எழுதினார்: என்னிடம் சரியாக வருகிறதே. இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு இதுதான் ஸலாம், இதுதான் பதில் ஸலாம்.

இதற்கிடையில் குழல் சுருங்கிக்கொண்டிருந்தது. கை நீட்டும் தூரத்தில் இருந்த போன் பக்கத்தில் வந்தது. பிறகு விளக்கைப் போடச் சொன்னான். பிறகு விளக்கை அணைக்கச் சொன்னான். ஆறாவது வெள்ளிக்கிழமை மதினி தால்ச்சா கிண்ணத்தை அவன் கைக்கருகே நகர்த்தி வைத்ததை நான் பார்த்தேன். அவர் நகர்த்தியதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அன்று விழுந்த பிறகு அண்ணன் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தான்.

"ஏன்டா, அவன் தொப்பி என்ன நெறம்?"

போனைப் பார்த்தேன். "நீலம்."

"மூஞ்சி?"

"அதுவும் நீலந்தான்."

"மூஞ்சி நீலமா இருக்குறது உனக்கு உறுத்தலையாடா?"

உறுத்தவில்லை. ஊரில் பாதிக் கடைகளில் தொங்குகிற காலண்டரில் நீல நிறத்துப் பிள்ளை ஒன்று வெண்ணெய் தின்றுகொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு நீல முகம் ஒரு முகம்தான். தவிர, பிழை தேடுகிறவன் படத்தைப் பார்ப்பதில்லை. திரையின் ஓரத்தில், நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று ஓடுகிற எண்ணைத்தான் பார்ப்பான். அந்த எண் நன்றாக இருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன்.

"தொப்பி செகப்புடா மடையா. கேசட்டு மேல ஒட்டின படத்துல இருந்துச்சு. தோலு நல்ல மாநெறம். நான் டிராயர்ல வச்சு அம்புட்டு வருஷம் பாத்திருக்கேன்."

லேப்டாப்பின் ஓப்பன்ஜிஎல் பெரியவர் வரிசையைப் புரட்டிச் சொன்னார். அதனால் நான் மாற்றினேன். போனின் ஓப்பன்ஜிஎல் பெரியவர் முதலிலேயே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். என் வரி அவரையும் மாற்றிவிட்டது. அரண்மனையில் கல் சாம்பல், தூண் ஊதா. சிவப்பும் நீலமும் இடம் மாறினாலும் சாம்பல் சாம்பல்தான், ஊதா ஊதாதான். கிணற்று நெருப்பு நீலமாக எரிந்தது எனக்கு கேஸ் அடுப்பாகத்தான் தெரிந்தது. காட்டிக் கொடுக்க மிச்சம் இருந்தவை ஒரு தொப்பியும் ஒரு முகமும். கண் போய்க்கொண்டிருப்பவன் கண்டுபிடித்தான். கண் இருப்பவன், அதுவும் அந்தப் பிழையைப் பெற்றெடுத்தவன், ஆறு வாரம் அவனைத் தப்பான கதவுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தான்.

சொன்னேன். அண்ணன் திட்டவில்லை.

"சரி விடு. அவன் செகப்புன்னா நீலத்துல போவோம், நீலம்னா செகப்புல போவோம். அம்புட்டுத்தானே? வா, ஆடு."

அவன் சொன்னது அவ்வளவு எளிது. அன்றே, அந்த நிமிடமே, முடிந்திருக்கும். அவன் கண்ணில் இன்னும் குழல் இருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இல்லண்ணே. தப்பான கலர்ல முடிச்சா முடிச்ச மாதிரி ஆகாது. சரி பண்ணிட்டு ஆடுவோம். ஒரு வாரம்."

எந்த மனிதப் பிறவியும் இப்படிச் சொல்லாது. எமுலேட்டர்காரன் சொல்வான். முகம் நீலமாக இருக்கும்போது ஒருவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அது அவனுக்குப் பொறுக்காது. தவிர, உண்மையைச் சொல்ல வேண்டுமானால், என் பெயரில் தப்பாக ஒரு வரி உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கும் முன்னால் துடைக்க வேண்டும் என்ற அவசரம். அண்ணனின் கண்ணுக்கு இருந்த அவசரத்தைவிட அது பெரிதாகத் தெரிந்தது.

"நீ படிச்சவன். சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று அண்ணன் போனை என்னிடம் நீட்டினான். கொஞ்சம் தள்ளி நீட்டினான். நான் நகர்ந்து வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாரம் ஐந்து வாரமாயிற்று. எந்தச் சில்லுக்கு எந்த வரிசை வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும். லேப்டாப்பைச் சரி செய்தால் போன் புரளும். போனைச் சரி செய்தால் ஏதோ ஊரில் யாரோ ஒருவருடைய பெட்டியில் கடல் சிவக்கும். இளவட்டத்திடம் போனேன், வல்கன் இரண்டாவது அறையிலேயே தட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மாப்பிள்ளையே பரிமாறட்டும் என்று ப்ராசஸரிடம் விட்டேன். தொப்பிக்காரனைத் தாவவிட்டு, ஒளுச் செய்து தொழுதுவிட்டு வந்தால் அப்போதுதான் தரையில் இறங்கிக்கொண்டிருப்பான். கடைசியில் பெரியவரையே கையைப் பிடித்து, காலைப் பிடித்து, அண்ணன் போனில் மட்டும் பழைய வரிசை என்று சொல்லி நிறுத்தினேன். தொப்பி சிவந்தது. முகம் மாநிறமானது. என் வீட்டில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். இந்தத் தடவை எந்தத் திருகும் நழுவவில்லை.

சொல்வதற்கு அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தேன். மதினி எடுத்தார்.

"தம்பி, நீங்க வாங்க, வராம இருக்காதீங்க. ஆனா கேம் போடுறேன்னு சொல்லிக்கிட்டு வராதீங்க."

"ஏன் மதினி?"

"நேத்துல இருந்து வெளிச்சம் எந்தப் பக்கம்னு மட்டுந்தான் தெரியுதாம். தட்டுல சோறு எங்க, வெஞ்சனம் எங்கன்னு தடவுறாக. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காக."

மறுபடி மதுரைக்குப் போனோம். டாக்டர் சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவன்தான் உட்காரச் சொன்னான். கொடைரோடு வந்ததும் "சிறுமலை இருக்காடா?" என்றான். "இருக்குண்ணே" என்றேன். "முழுசா?" என்றான். "முழுசா."

வெள்ளிக்கிழமை நான் லேப்டாப் இல்லாமல், அவன் போனைத் திருப்பிக் கொடுக்க மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, அண்ணன் அந்த வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தான்.

"ஜாய்ஸ்டிக்கக் குடு."

"அண்ணே…"

"நீ அம்புட்டு நாளா டிவிக்குப் பின்னாடி நின்னு ஆடலையா? குடுடா."

அலமாரியிலிருந்து ஜாய்ஸ்டிக்கை எடுத்துக் கொடுத்து, அவன் போனைப் பெரிய டிவியில் இணைத்தேன். வெளிச்சமாவது பெரிதாக இருக்கட்டும். மதினி சுவரோரம் வந்து உட்கார்ந்துகொண்டார்.

நான் சொல்லத் தொடங்கினேன். "இப்ப நேரா நடக்குறான். முன்னாடி ஒரு பள்ளம் வரப் போகுது. கொஞ்சம் பெரிய பள்ளம். பள்ளத்துக்குள்ள முள்ளு இருக்கு. இப்ப நீ தாவணும்…" தொப்பிக்காரன் முள்ளில் கிடந்தான்.

"ஏன்டா, நீ கதை சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவனப் பொதச்சுக் கத்தமும் ஓதிட்டாக. பள்ளம் எம்புட்டு ஆழம்னு எனக்கு எதுக்கு? தாவணும்னா 'தா'ன்னு சொல்லு. நிக்கணும்னா 'நி'. அம்புட்டுத்தான்."

இதைத்தான் முகம் தெரியாத ஆட்கள் பல வருடமாக எனக்குப் புரியவைக்கப் பார்க்கிறார்கள்: உத்தரவு குறைந்தால் வேகம் கூடும். ஒரு தோல் வியாபாரி ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டான்.

"தா. நி. நி. தா. தா!"

"அப்படித்தான். சொல்லு."

பத்து தடவை செத்தான். நான் இடதை வலதென்றேன். பதற்றத்தில் "தா" என்பதற்குப் பதில் "அய்யோ" என்றேன். அய்யோ என்றாலும் தாவுவது என்று அவனே முடிவு செய்துகொண்டான். பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுதுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு ஒரு ஓட்டம் கூடி வந்தது. முள், சங்கிலி, நெருப்புக் கிணறு.

"கெழவன் வந்துட்டானா?"

"வந்துட்டான். செகப்புங்கிறான். வலது ஓரம்."

"தொப்பி என்ன நெறம்?"

"செகப்புண்ணே."

"மூஞ்சி?"

"மாநெறம்."

"அப்பச் சரி." வலது ஓரத்தில் போனான். விழவில்லை.

இரண்டாவது அறை, நீலம். மூன்றாவது, பச்சை. நாலாவதில் மறுபடி சிவப்பு. ஐந்தாவதில் கிழவர் பேசியதை என் போனில் படம் பிடித்தேன். மூன்று தடவை மங்கலாக விழுந்தது. நீலம் என்று வந்தது. "நடுவுல" என்றேன். அண்ணன் உடனே போகவில்லை. கட்டைவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டான். பிறகு போனான்.

சங்கீதம் மாறியது. நான் இதுவரை எந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டிராத ஒரு மெட்டு, மெதுவாக, தாலாட்டு மாதிரி. மதினி எழுந்து நின்றுவிட்டார்.

திரை கறுப்பாக இருந்தது.

பொறுத்தேன். வரும் என்று நினைத்தேன். மெட்டு ஓடியது. ஓரத்தில் என் எண் ஓடியது. நொடிக்கு அறுபது படம் ஒழுங்காக வரைந்துகொண்டிருந்தது. அறுபதும் கறுப்பு. கடைசிக் காட்சியில் ஏதோ ஒன்று இந்த போனின் பெரியவருக்குத் தெரியாத பாஷையில் இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? வாயைத் திறந்தேன். ஒரு வீடு, வாசலில் ஒரு பொம்பளை, மூட்டையை இறக்கி வைக்கிறான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஏலே," என்றான் அண்ணன். "வெளிச்சம் நின்னுருச்சேடா. அமத்திட்டியா?"

"இல்லண்ணே. ஓடுது. கறுப்பா இருக்கு."

"கறுப்பாவா?"

"ஆமா. ஒண்ணும் வரலண்ணே. எனக்கும் ஒண்ணும் தெரியல."

அண்ணன் அந்தக் கறுப்பின் பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு தோள் குலுங்கியது. பதறிப் போய் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

"அம்புட்டு நாளும் நீ ஒண்ணு பாத்த, நான் ஒண்ணு பாத்தேன். இப்பத்தான்டா ரெண்டு பேரும் ஒரே படத்தப் பாக்குறோம்."

மெட்டு முடியும்வரை மூன்று பேரும் கேட்டோம். முடிந்ததும், "உன் ஆளுகளுக்கு எழுதிப் போடு" என்றான்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பிழையைத் தெரிவிக்க ஒரு படிவம் உண்டு. எந்த போன், எந்தப் பேக்கெண்ட் என்பதற்குப் பிறகு இரண்டு கேள்விகள். நடந்தது என்ன? கறுப்பு என்று போட்டேன். நடந்திருக்க வேண்டியது என்ன? அதில் நின்றேன். எனக்கு எப்படித் தெரியும்? அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன்.

"தொப்பிக்காரன் வீட்டுக்குப் போயிருக்கணும்னு எழுது."

அப்படியே எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்திருந்தது. என்னிடம் சரியாக வருகிறதே என்று ஒரு வரி. கீழே, அவருடைய திரையில் தெரிந்த கடைசிக் காட்சியை ஒரு படமாக இணைத்திருந்தார். அண்ணன் இல்லாமல் அதை நான் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.